இஃப்கான்ஃபிக்கா, ஐபி கட்டளையா: முகவரிச் சிக்கலில் எது கைகொடுக்கும்?

லினக்ஸ் சர்வருக்கு 192.168.1.20 என்று நிலையான முகவரி கொடுத்திருக்கிறீர்கள். ஃபயர்வால் லாகிலோ அதே மெஷின் 192.168.1.87-இலிருந்து வெளியே போகிறது. நெட்வொர்க் முகவரிகளைக் காட்டவும் மாற்றவும் உதவும் பழைய கட்டளையான இஃப்கான்ஃபிக் அடித்தால் .20 மட்டும்தான் தெரிகிறது. அதே வேலைக்கான புதிய கட்டளையான ஐபி-யில் 'ஐபி அட்ரஸ்' என்று அடித்துப் பாருங்கள்: .20-க்குக் கீழே .87-உம் உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் 'செகண்டரி', 'டைனமிக்' என்ற குறிப்புகளோடு. யாரோ, முகவரியைத் தானாக வாங்கித்தரும் டிஹெச்சிபி-யை அணைக்க மறந்திருக்கிறார்கள்.

இஃப்கான்ஃபிக் 1983-இல் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்தது. லினக்ஸில் உள்ள பதிப்பு ஐஆக்டில் என்ற பழைய வழியில், இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் கேட்கிறது. அந்த வழியில் ஒரு இன்டர்ஃபேஸ் (நெட்வொர்க் இணைப்பு) பெயருக்கு ஒரு ஐபிவி4 முகவரிதான். இரண்டாவது வேண்டுமானால் 'ஈத்0:1' என்று தனிப்பெயர் சூட்ட வேண்டும். பெயர் சூட்டாமல் சேர்ந்த முகவரி அதன் கண்ணில் படாது. ஐபி கட்டளை நெட்லிங்க் என்ற புதிய வழியாகப் பேசுவதால் இருப்பதையெல்லாம் காட்டும். கோளாறு தேடும்போது பாதியை மறைக்கும் கருவியை எப்படி நம்புவது? டெபியன் 9 லினக்ஸ், 2017-இல் இஃப்கான்ஃபிக் அடங்கிய நெட்-டூல்ஸ் தொகுப்பை இயல்பு நிறுவலிலிருந்து எடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

நெட்மாஸ்க்கை (முகவரியில் எந்தப் பகுதி உள்ளூர் நெட்வொர்க் என்று சொல்வதை) விட்டுவிட்டு முகவரி கொடுத்தால் இரண்டுமே சொதப்பும். ஆனால் சொதப்பும் விதம் வேறு. ஐபி கட்டளை /32, அதாவது அந்த ஒரே முகவரி மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். வேறு ரூட் (பாதை) இல்லாவிட்டால் பக்கத்து மெஷினைக்கூட பிங் செய்ய முடியாது, தவறு அப்போதே தெரிந்துவிடும். இஃப்கான்ஃபிக், முகவரியின் முதல் எண்ணை வைத்து முடிவுசெய்யும் பழைய கிளாஸ் கணக்கைப் பார்க்கும். 10.1.2.3 என்று கொடுத்தால் 255.0.0.0. இன்டர்நெட் வரும், பக்கத்து மெஷின் வரும், 10.9-இல் இருக்கும் கிளை அலுவலகம் மட்டும் வராது. 10-இல் தொடங்குவதெல்லாம் இதே கம்பியில்தான் இருக்கிறது என்று நம்பி, வெளியே அனுப்பும் கேட்வேயிடம் கொடுக்காமல், பக்கத்து மெஷின்களைத் தேடும் ஏஆர்பி-யில் கூவிக்கொண்டே இருக்கும். உடனே உடைவதுதான் எனக்கு மேல்.

'ஐபி ரூட் கெட் 8.8.8.8' தனியாகச் சொல்லவேண்டியது. பாக்கெட் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக, எந்த முகவரியைச் சுமந்து போகும் என்று ஒரே வரியில் சொல்லிவிடும். மேலே சொன்ன .87 குழப்பம் இதிலேயே பிடிபடும்.

இஃப்கான்ஃபிக்குக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. முகவரியோடு பாக்கெட் எண்ணிக்கையும் பிழை எண்ணிக்கையும் கேட்காமலே வந்துவிடும். ஐபி-யில் '-எஸ்' சேர்க்க வேண்டும்.

இத்தனையும் லினக்ஸுக்கு மட்டும். ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, மேக்ஓஎஸ் மூன்றிலும் இஃப்கான்ஃபிக்தான் முறையான கருவி. பெயர் ஒன்றே தவிர நிரல் வேறு. எல்லா முகவரிகளையும் காட்டும், கேபிள் கழன்றிருந்தால் பிஎஸ்டி-களில் 'நோ கேரியர்' என்றும், மேக்ஓஎஸ்-இல் 'இன்ஆக்டிவ்' என்றும் சொல்லும். இஃப்கான்ஃபிக் காலாவதி என்று பிஎஸ்டி ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள், நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்வீர்கள். சொலாரிஸ் 11-இல் ஐபிஏடிஎம் என்ற மூன்றாவது வழி.

தூரத்து லினக்ஸ் மெஷினில் எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக முகவரி மாற்றும்போது வித்தியாசம் கையைச் சுடும். இஃப்கான்ஃபிக்கில் புது முகவரி கொடுத்தால் பழையது அந்த நொடியே போய்விடும், உங்கள் இணைப்பும் கூடவே. ஐபி-யில் புதியதைச் 'சேர்க்கலாம்', அதன் வழியாக உள்ளே வந்து பார்த்துவிட்டுப் பழையதை நீக்கலாம். நீக்குமுன் 'ப்ரொமோட்_செகண்டரீஸ்' 1 ஆக இருக்கிறதா என்று, கெர்னல் அமைப்புகளைக் காட்டும் சிஸ்சிடிஎல்லில் பாருங்கள். 0 ஆக இருந்தால், முதல் முகவரியை நீக்கும்போது அதே சப்நெட்டில் (நெட்வொர்க் பகுதியில்) பின்னால் சேர்த்ததும் சேர்ந்தே போய்விடும். எந்தக் கருவியில் மாற்றினாலும் ரீபூட் வரைதான் ஆயுள். நிலைக்க வேண்டுமென்றால் நெட்பிளான், நெட்வொர்க்மேனேஜர் என்று அந்த மெஷினில் எது ஆள்கிறதோ அங்கே எழுத வேண்டும்.