8 அங்குல டாப்சோனியன்: பல பருவங்கள் பயன்படுத்திய பின்

டாப்சோனியன் என்பது எளிய அடிப்பலகை மேல் சுழலும் ஆடித் தொலைநோக்கி. இதன் ஆடி 203 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத் தூரம். குழாயும் அடிப்பலகையும் சேர்ந்து சுமார் 20 கிலோ. கேலக்சி (விண்மீன் திரள்), நெபுலா (வாயு மேகம்) போன்ற ஆழ்வான் பொருட்கள் பார்க்க இதைவிடச் சின்னதை வாங்கச் சொல்ல மனம் வராது. ஆனால் வானம் வெளுத்திருந்தால் இந்த விட்டமும் கைகொடுக்காது.

அட்டவணையில் உள்ள பிரகாச எண்ணை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். எண் கூடக் கூடப் பொருள் மங்கல் என்பது கணக்கு. எம்33 கேலக்சியின் எண் 5.7, எம்57 என்ற வளைய நெபுலாவின் எண் 8.8. நகர மொட்டை மாடியில் தெரிவதோ மங்கலான எம்57தான்! எம்33-இன் ஒளி நிலவின் அகலத்தைவிடப் பெரிய பரப்பில் பரவிக் கிடப்பதால் வானத்தின் வெளிச்சத்தில் கரைந்துவிடுகிறது. எம்57 சிறியது, ஒளி செறிந்தது. 120 மடங்கு உருப்பெருக்கத்தில் வளையம் தெளிவாகத் தெரியும். கேலக்சிகளைப் பார்க்கக் கருவியை ஜவ்வாது மலை போன்ற இருட்டான இடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கேயும் கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் செல்போனைத் தொடக் கூடாது.

நெபுலாவின் ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் ஓ-3 ஃபில்டர் வாங்கினால் 32 மி.மீ. ஐபீசோடு (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போடுங்கள். சிக்னஸ் விண்மீன் குழுவில் உள்ள வெய்ல் (Veil) நெபுலா அதில்தான் இழை இழையாக எழும். 10 மி.மீ. ஐபீசில் காட்சி இருண்டுவிடும். கேலக்சிக்கும் நட்சத்திரக் கொத்துக்கும் இந்த ஃபில்டர் வீண்.

நம் அட்சரேகைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அடிவானத்துக்கு மேலே வராத ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து, சென்னையில் மே மாத இரவுகளில் தெற்கே 29 பாகை வரை ஏறும். 48 மடங்கே போதும், பார்வைப் புலம் நட்சத்திரங்களால் நிரம்பிவிடும்.

பராமரிப்பில் தலைவலி கொடுப்பது ஆடி அல்ல, ஈரம். அடிப்பலகை பார்ட்டிகிள் போர்டு. வெட்டு விளிம்பிலும் திருகு ஓட்டையிலும் ஈரம் புகுந்தால் ஊதிப்போகும், திருகு பிடிக்காது. பூட்டுவதற்கு முன்பே விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துவிடுங்கள். சுழற்றும்போது ஒட்டி ஒட்டி நகர்ந்தால் டெஃப்லான் உரசும் பரப்பில் மெழுகு தேய்க்கலாம். எண்ணெய் விட்டால் தூசி சேரும்.

ஐபீஸ்களைச் சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பனி படிந்த ஆடியைத் துடைக்கவே கூடாது. அறைக்குள் திறந்து வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே மூடுங்கள். தூசி கொஞ்சம் இருந்தால் இருக்கட்டும். ஆடி கெடுவது பெரும்பாலும் அடிக்கடி கழுவுவதால்தான்.

காரில் கொண்டுபோனால் ஒவ்வொரு முறையும் கொலிமேஷன், அதாவது ஆடிகள் நேராக ஒழுங்கில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அதற்கான லேசரை ஃபோகஸரில் (ஐபீஸ் மாட்டும் குழாய்) வைத்துச் சுழற்றுங்கள். ஆடியில் விழும் புள்ளி வட்டமடித்தால் லேசரே கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்துச் சரிசெய்தால் இன்னும் கெடும். ஆடியின் பூட்டுத் திருகை அழுத்தி முறுக்கினாலும் ஒழுங்கு நகரும், ஆகவே முறுக்கியபின் இன்னொரு முறை பாருங்கள். எல்லா நட்சத்திரமும் முக்கோணமாகத் தெரிந்தால் அது வேறு கதை: ஆடியின் பிடிப்புகள் இறுக்கமாக உள்ளன, சற்றே தளர்த்துங்கள்.

பழைய கருவி வாங்குவோர் முதலில் அடிப்பலகையின் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஊதியிருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். தச்சரிடம் 18 மி.மீ. மெரைன் பிளைவுட்டில் புதிதாகச் செய்துகொண்டால் தொழிற்சாலைப் பலகையைவிட நன்றாகவே இருக்கும்.