பட்டாலைக்கு வந்த தமயந்தி

காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கூடமான பட்டாலையின் சுவரில் நெடுங்காலம் தொங்கிய ரவி வர்மா படம், பங்கு பிரித்தபோது பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டது. ஆணி மட்டும் மிஞ்சிய அந்த இடத்துக்காக, ‘ஹம்ச தமயந்தி’யின் பிரதியை 24க்கு 36 அங்குல அளவில், சட்டம் போட்டே அனுப்பும் இணையக் கடை ஒன்றில் 11,500 ரூபாய்க்கு வாங்கினேன். 1899இல் தீட்டப்பட்ட மூல ஓவியம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது; அதை நேரில் பார்த்த நினைவை வைத்துத்தான் இந்தப் பிரதியை மதிப்பிடுகிறேன்.

அச்சைக் குறை சொல்ல முடியாது. கனமான பருத்தித் தாளில், நிறமித் துகள்கள் கலந்த பிக்மென்ட் மையில் அச்சிட்டிருக்கிறார்கள். சேலையின் சிவப்பு, நிழல் விழும் மடிப்புகளில்கூடக் கருமை தட்டாமல் தனித்துத் தெரிகிறது. ஆயினும் முதல் நாள் படம் எனக்கு வெளிறித் தோன்றியது. ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில், வண்ணத்துக்கு ஒரு கல்லாக அடுத்தடுத்து அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசிய ஓலியோகிராஃப் படங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வார்னிஷ் நாளடைவில் மஞ்சளித்துவிடும் என்பதால், எங்கள் வீட்டுப் படத்துச் சரஸ்வதி எப்போதும் மாலை வெயிலில் அமர்ந்திருப்பவளாகவே எனக்குப் பதிந்திருந்தாள். குறை படத்தில் இல்லை, என் கண்ணில் இருந்தது.

சட்டம் வேறு கதை. தங்களிடம் இருந்த சட்டத்தின் அளவுக்குள் அடங்குவதற்காகப் படத்தின் இடப்பக்க ஓரத்தை வெட்டியிருந்ததால், தமயந்தியிடம் தூது சொல்ல வந்த அன்னம் விளிம்போடு நெருக்குண்டு நின்றது. படத்துக்கும் மேல்மூடிக்கும் நடுவே இடைவெளி விடும் மவுண்ட் அட்டையும் வைக்காமல், கண்ணாடிக்குப் பதிலான அக்ரிலிக் தகட்டைத் தாள் மீதே அழுத்தியிருந்தார்கள். ஐப்பசி ஈரத்தில் தாள் அதில் ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது மையும் சேர்ந்து வந்துவிடும். ஜரிகையும் சம்கியும் தைத்த படங்களுக்கு எங்கள் அப்பத்தா காலத்தில் ஆழமான சட்டம் போட்டார்கள். கண்ணாடி படத்தைத் தொடாது. அந்தப் பக்குவம் இந்த விலைக்குக் கிடைக்கவில்லை.

முறையிட்டதும், வெட்டாத முழுப் படத்தைப் பன்னிரண்டு நாளில் சுருட்டி அனுப்பினார்கள். சட்டத்துக்கான பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையொன்றில் தேக்குச் சட்டம் ஒன்றை 2,200 ரூபாய்க்கு வாங்கி, அமிலமற்ற அட்டையும் கண்ணாடியும் சேர்த்து மேலும் 1,400 ரூபாய் செலவில் ஆசாரியிடம் பொருத்திக்கொண்டேன். பழைய சுண்ணாம்புப் பூச்சில் நேரடியாக ஆணி அடித்தால் உதிரும் என்று, துளையில் மரக்கட்டை இறக்கி அதில் மாட்டினார். பெரியவர்கள் செய்தபடியே மேல்பக்கம் முன்சாய்ந்திருப்பதால் வளவு முற்றத்தின் வெளிச்சம் கண்ணாடியில் அடிப்பதில்லை. பின்னால் காற்றும் போகிறது.

நான் வாங்கியபோது அந்த இணையக் கடையில் சட்டமில்லாத படத்தின் விலை 4,900 ரூபாய். வாங்குவோர் அதையே, சுற்றிலும் இரண்டு அங்குல வெள்ளை விளிம்பு விடச் சொல்லி வாங்கலாம்.