அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போல்: புதுமுகங்களை எடைபோட இந்தத் தராசு சரியா?

கடந்த சில மாதங்களாக என் மாலை நேரங்களை விழுங்கியிருக்கும் வேலை ஒன்று உண்டு. எங்கும் நடைபெறாத ஒரு பேஸ்போல் தொடரில், எங்கும் பிறவாத புதுமுக வீரர்களுள் சிறந்தவர் யார் என்று வரிசைப்படுத்துவதே அது. கல்லடியில் இருந்துகொண்டு இப்படியொரு வேலையில் நான் மாட்டிக்கொண்டதற்கு, கனடாவில் வசிக்கும் என் மருமகன் வாங்கி அனுப்பிய ‘அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போல்’ என்னும் கணினி விளையாட்டே காரணம். பாடசாலைக் கிரிக்கெட் போட்டிகளுக்கு நீண்ட காலம் ஓட்டக் கணக்கு எழுதிய மாமா, எண்கள் நிறைந்த எதைக் கண்டாலும் விடமாட்டார் என்பது அவனுக்குத் தெரியும். இந்த விளையாட்டின் எல்லா வசதிகளையும் விவரிப்பது இங்கே என் நோக்கமல்ல; ஒரு பருவகாலத்தின் புதுமுகங்களை நேர்மையாகத் தரப்படுத்த இது எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை மட்டுமே பார்க்கப்போகிறேன்.

பேஸ்போல் எங்களுக்கு அவ்வளவு தூரத்து விளையாட்டும் அல்ல. பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் முதல் நாள் திரையைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது நம்மட எல்லேதானே, வட்டத்தச் சதுரமாக்கி வச்சிருக்கானுகள்” என்றார். கம்பால் அடித்துவிட்டு ஓடுவது, இடையிடையே தங்கிச் செல்வது, அடிப்பதற்கு மூன்று வாய்ப்புகள் என்று ஒற்றுமைகள் பல இருப்பதால், எல்லே ஆடிய எவருக்கும் அடிப்படை விதிகள் ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். மட்டக்களப்பில் கல்வி கற்பித்த அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் எங்களுக்குக் கூடைப்பந்தாட்டத்தை ஊட்டி வளர்த்தார்கள். அவர்களுள் ஒருவரின் பெயரைத்தான் வெபர் மைதானம் இன்றும் தாங்கி நிற்கிறது. தங்கள் நாட்டு பேஸ்போலையும் அவர்கள் கூடவே இறக்கியிருந்தால், இந்த மதிப்புரையை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

இந்த விளையாட்டில் நாம் துடுப்பைச் சுழற்றுவதோ பந்தை எறிவதோ இல்லை. அணியைத் தெரிவுசெய்வது, ஒப்பந்தம் செய்வது, இளைஞர்களை எப்போது மேலே கொண்டுவருவது என்று தீர்மானிப்பது ஆகியவையே நம் பொறுப்பு. ஆட்டத்தைக் கணினி நடத்திக்கொள்ளும். ஜேர்மனியரான மார்க்குஸ் ஹைன்சோன் உருவாக்கிய இதன் முதற்பதிப்பு 1999 இல் வெளிவந்தது. 2020 இல் கொரிய நிறுவனமான கொம்டூஸ் இதைத் தன்வசமாக்கியது. ஆண்டுதோறும் புதிய பதிப்பு ஒன்று வருகிறது. முப்பரிமாணக் காட்சியை ஒதுக்கிவிட்டு எழுத்து வர்ணனையை மட்டும் வைத்துக்கொண்டால் பழைய மடிக்கணினியிலும் தடையின்றி ஓடுகிறது என்பதை என் சொந்த மடிக்கணினியில் கண்டேன்.

புதுமுகம் என்று யாரைச் சொல்வது என்பதிலேயே முதற்சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்கப் பெருந்தொடரின் விதிப்படி, முந்திய பருவங்களில் துடுப்பாட்டக் கணக்கு 130 தடவைகளையோ, பந்துவீச்சு 50 இனிங்ஸையோ, செயற்படும் அணியில் இருந்த காலம் 45 நாட்களையோ தாண்டாதவர் எவரும் புதுமுகமே. வயதோ வேறு நாட்டில் ஆடிய அனுபவமோ கணக்கில் இல்லை. இதனால்தான், ஜப்பானில் 1994 முதல் 2000 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் துடுப்பாட்டச் சராசரியில் முதலிடம் பெற்றிருந்த இச்சிரோ சுசூக்கி, 27 வயதில் சியாட்டில் அணிக்கு வந்து 2001 இன் சிறந்த புதுமுகம் ஆனார். விதி அப்படி அனுமதிக்கிறது. என் மனம் அனுமதிக்கவில்லை. ஆனாலும் விதியை மீறித் தரவரிசை போடுவதைவிட, விதியை ஏற்று முணுமுணுப்பதே முறை.

விளையாட்டைச் சோதிக்க நான் அந்த 2001 ஆம் ஆண்டையே தெரிவுசெய்தேன். பழைய பருவகாலங்களை அவற்றின் உண்மையான வீரர்களுடன் மீண்டும் ஓடவிடும் வசதி இதில் உண்டு. புதுமுகங்களைப் பொறுத்தவரை அதைவிடச் செழிப்பான ஆண்டு கிடைப்பது அரிது. இச்சிரோ 242 ஹிட்டுகளுடன் (பந்தை அடித்துப் பத்திரமாகத் தளத்தை எட்டிய தடவைகள்) புதுமுகங்களுக்கான சாதனையை முறியடித்து, .350 என்ற சராசரியையும் (ஆயிரம் தடவைக்கு 350 ஹிட்டுகள் என்ற வீதம்) 56 தளத் திருட்டுகளையும் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது) பெற்று, பெருந்தொடரின் இரண்டு லீக்குகளுள் தன்னுடையதான அமெரிக்கன் லீக்கின் அதிமதிப்பு வீரர் விருதையும் சேர்த்தே வென்றார். அதே ஆண்டில் மற்றைய லீக்கில், அணிகள் இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுத்துக்கொள்ளும் தெரிவில், 1999 இன்போது 13 ஆவது சுற்று வரை எவராலும் தீண்டப்படாதிருந்த அல்பேர்ட் புஜோல்ஸ், 21 வயதில் 37 ஹோம் ரன்களையும் (பெரும்பாலும் எல்லைச் சுவரைத் தாண்டும் அடிகள்) .329 சராசரியையும் குவித்தார். கிளீவ்லாந்துக்காக ஆடிய பந்துவீச்சாளர் சி.சி. சபாத்தியா 17 வெற்றிகளும் 5 தோல்விகளும் பெற்றார். ஹூஸ்டனின் பந்துவீச்சாளர் ரோய் ஓஸ்வோல்ட் 14 வெற்றிகளுக்கு 3 தோல்விகள் மட்டுமே கண்டார். பிலடெல்பியாவின் ஜிம்மி ரோலின்ஸ் 46 தளங்களைத் திருடினார். இச்சிரோவும் சபாத்தியாவும் 2025 இல் ஒரே வேளையில் கூப்பர்ஸ்டவுனிலுள்ள பேஸ்போல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டதை நினைத்தால், அந்த ஒரு வருடம் எத்தகைய விளைச்சல் என்பது விளங்கும்.

முப்பது அணிகள், அணிக்கு 162 ஆட்டங்கள், மொத்தம் 2,430 ஆட்டங்கள். ஒரு தேநீர் ஆறுவதற்குள் ஆண்டின் பெரும்பகுதி ஓடி முடிந்துவிடுகிறது. இதை நான் மூன்று தடவை ஓடவிட்டேன். முதல் இரண்டிலும் மேலே வந்தவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். மூன்றாவதில் ஓஸ்வோல்ட் தோள்பட்டைக் காயத்தால் பாதிப் பருவத்தை இழக்க, அவருடைய இடத்துக்கு ரோலின்ஸ் ஏறினார். எண்கள் நம்பத்தக்கவை. ஒருவரும் நூறு ஹோம் ரன் அடிக்கவில்லை. ஒருவருடைய சராசரியும் வானத்துக்குப் பறக்கவில்லை. இயந்திரத்தின் நிதானத்துக்கு இதுவே சான்று.

ஆனால் அங்கேதான் எனக்கு இது சலித்தது. வரலாற்றுப் பருவத்தை அமைக்கும்போது, வீரர்களின் திறன் மதிப்பெண்களை அவர்கள் உண்மையில் ஆடிய ஆண்டுகளின் புள்ளிவிவரங்களிலிருந்தே கணினி உருவாக்குகிறது. எத்தனை ஆண்டுகளின் எண்களைக் கொண்டு என்பதை நாம் தெரிவுசெய்யலாம். அதாவது, புஜோல்ஸ் யாராகப்போகிறார் என்பது முதல் பந்து எறியப்படும் முன்னரே அதற்குத் தெரியும். அவரை அவருடைய அணியில் சேர்க்காமல் பொதுத் தெரிவுக்கு விட்டுப் பார்த்தேன். முதற்சுற்றிலேயே ஓர் அணி பாய்ந்து எடுத்துக்கொண்டது. பதின்மூன்று சுற்றுகள் யாரும் காணாத ஒருவரைக் காண்பதில்தானே புதுமுகக் கதையின் உயிர் இருக்கிறது? வினாத்தாளை முன்கூட்டியே பார்த்த மாணவனுக்குத் தரம் வழங்குவதுபோல இருந்தது எனக்கு.

எனவே இரண்டாவது வழிக்குப் போனேன். வீரர்கள் அனைவரையும் கணினியே புதிதாகப் படைக்கும் கற்பனைத் தொடர் ஒன்றை அமைத்து, எட்டு அணிகளுக்கும் எங்கள் ஊர்களின் பெயரையே வைத்தேன்: கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில். எட்டு அணிகள் என்றால் ஒவ்வொன்றும் மற்றைய ஏழுடனும் 22 தடவை மோத, 154 ஆட்டங்கள் வரும். அமெரிக்காவில் ஒவ்வொரு லீக்கிலும் எட்டு அணிகள் இருந்த காலத்தின் அட்டவணையும் இதுதான். 1961 இல் அமெரிக்கன் லீக் பத்து அணிகளாகப் பெருகியபோது ஒன்பது எதிராளிகளுடன் 18 தடவை ஆடுவதென்று மாற்றி, 162 ஆக்கிக்கொண்டார்கள். கணக்கு எழுதியவனுக்கு இப்படியான எண்கள் தேனைவிட இனிமையானவை.

இங்கே எவருக்கும் கடந்த காலம் இல்லை. நமக்குத் தெரிவதெல்லாம், ‘ஸ்கவுட்’ எனப்படும் திறன் தேடுநர் தரும் அறிக்கை மட்டுமே. அதில் 20 முதல் 80 வரை மதிப்பெண்கள் இருக்கும். 50 என்றால் சராசரி. அந்த மதிப்பெண் பிழையாகவும் இருக்கலாம், எவ்வளவு பிழையாக இருக்கலாம் என்பதை நாமே கூட்டிக் குறைக்கலாம். இந்த விளையாட்டின் மிகச் சிறந்த அம்சம் என்று நான் கருதுவது இந்த மங்கலைத்தான். பருவம் முடிந்ததும் ஆசிரியரும் நானும் தனித்தனியே தாளில் ஐந்து பேரை எழுதி, பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தோம்.

என் பட்டியலில் முதலிடம் களுவாஞ்சிக்குடியின் ஷோர்ட் ஸ்டொப்புக்கு. இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கிடையே நிற்கும் இந்த இளைஞரின் துடுப்பாட்டம் சராசரிதான்; ஆனால் அவரைக் கடந்து சென்ற தரைப்பந்துகள் மிகக் குறைவு, ஓய்வெடுத்த நாட்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. கணினி வழங்கிய சிறந்த புதுமுக விருது இவருக்குக் கிடைக்கவில்லை. அதைப் பெற்றவர் கல்முனையின் முதலாம் தளக்காரர். புதுமுகங்களுள் அதிக ஹோம் ரன்கள் அவருடையவை. நான் அவரை இரண்டாவதாகவே வைத்தேன். காரணம் என் சொந்தக் குற்றம்: அணியை அமைக்கும்போது கல்முனை மைதானத்தின் இடது எல்லையை விளையாட்டாக நானே சுருக்கிவிட்டிருந்தேன். சொந்த மைதானத்திலும் வெளியிலும் பெற்ற எண்களைப் பிரித்துக் காட்டும் பக்கத்தைத் திறந்தபோது, அவருடைய ஹோம் ரன்களில் பெரும்பங்கு அந்தக் குட்டைச் சுவரைத் தாண்டியவை என்பது தெரிந்தது. இந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் தரவரிசை எழுதுபவர் எல்லோரும் அவரைத்தான் முதலாவதாக வைப்பார்கள்.

மூன்றாவது, ஏறாவூரின் இடக்கைப் பந்துவீச்சாளர். அவர் பருவத்தின் நடுப்பகுதியில்தான் மேலே கொண்டுவரப்பட்டார் என்பதால், வீசிய இனிங்ஸ் குறைவு. ஓட்டச் சராசரி மிகவும் அழகாக இருந்தது, எனினும் அதை நான் நம்பவில்லை. களத்துக்குள் அடிக்கப்படும் பந்து ஹிட்டாகுமா ஆட்டமிழப்பாகுமா என்பதில் பந்துவீச்சாளருக்குள்ள செல்வாக்கு மிகச் சிறிது என்று புள்ளிவிவர ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் 2001 இல் முன்வைத்த வாதம், அதன் பின்னர் பந்துவீச்சை மதிப்பிடும் முறையையே மாற்றியது. இந்த விளையாட்டும் பந்துவீச்சாளரின் திறனை முக்கியமாக ஸ்ட்ரைக் அவுட் (அடிப்பவர் மூன்று வாய்ப்புகளையும் தவறவிட்டு ஆட்டமிழப்பது), ஹோம் ரன், இலவச நடை (பிழையான எறிகளால் முதலாம் தளத்தைச் சும்மா கொடுப்பது) ஆகிய மூன்றையும் தீர்மானிக்கும் மதிப்பெண்களாகவே பிரித்து வைத்திருக்கிறது. அந்த மூன்றையும் பார்த்த பிறகுதான், இவர் அதிர்ஷ்டசாலி மட்டுமல்ல, திறமைசாலியும்கூட என்று ஒப்புக்கொண்டேன்.

நான்காவதாகத் திருக்கோவிலின் வெளிக்கள ஓட்டக்காரர். பருவத்தின் முற்பாதியில் தளங்களைத் திருடிக் குவித்தவர், பிற்பாதியில் பந்துவீச்சாளர்கள் அவரை அறிந்துகொண்டதும் அடங்கிவிட்டார். ஐந்தாவதாக அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் வாழைச்சேனையின் கெட்சரை, அவருடைய வயதுக்கு மரியாதை செய்யாமல், பொறுமைக்கு மரியாதை செய்து சேர்த்தேன்.

குறைகளும் உண்டு. திரைகள் அடுக்கடுக்காக விரிகின்றன. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு வந்தோம் என்பது முதல் வாரத்தில் புரியாது. அனைத்தும் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கெழுத்துகளாகவே இருப்பதால், ஆர்வமுள்ள இளைஞரிடம் கொடுத்தாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் அமர்ந்து விளக்கவேண்டியிருக்கும். களத்தடுப்பு எண்களை ஒரே பருவத்தை வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது என்பதால், என் முதலிடமே சற்று ஆட்டங்காணக்கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீரர் அட்டைகளைச் சேகரித்து ஆடும் பகுதியை நான் தொடவில்லை. இன்னொன்று: ஒவ்வொரு மாத ஆட்டமும் முடிந்தவுடன் தொடரின் கோப்பினை வெளிச் சேமிப்பிலும் பிரதியெடுத்து வையுங்கள். மடிக்கணினியைத் திருத்தக் கொடுத்த ஒரு கடையில் கேட்காமலே அனைத்தையும் அழித்துவிட்டதால், என் முதலாவது கிழக்குத் தொடர் பாதியில் மாண்டது. மேலே சொன்னது இரண்டாவது.

முழுவிலை 40 அமெரிக்க டொலர் அளவில் வரும் என்பதால், இன்றைய நாணயமாற்றில் அது எங்களுக்குச் சிறிய தொகை அல்ல. தரவரிசை போட்டுப் பார்ப்பது மட்டுமே நோக்கமானால் சமீபத்திய பதிப்பு தேவையில்லை. பழைய பதிப்புகள் கழிவு விலையில் கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளலாம், நான் குறிப்பிட்ட வசதிகள் அவற்றிலும் உள்ளன. வாங்கியபின் வரலாற்றுப் பருவங்களில் ஓரிரு வாரங்கள் கைபழகிவிட்டு, கற்பனைத் தொடருக்கு மாறிவிடுங்கள்.

ஆசிரியரின் பட்டியலில் முதலிடம் அந்த ஏறாவூர் இடக்கையருக்கு. எத்தனை இனிங்ஸ் என்று நான் கேட்டபோது, “எறியிற கை எப்படி எண்டு பாரு தம்பி, எண்ணிக்கையப் பாக்காத” என்றார். இரண்டாவது பருவம் தொடங்கி மூன்றாவது வாரம், அந்தக் கையின் முழங்கை காயமடைந்து அந்தப் பந்துவீச்சாளர் ஏறாவூர் அணியிலிருந்து நீங்கினார். ஆசிரியர் தன் தாளை இன்னும் மாற்றி எழுதவில்லை.