அலுமினிய அச்சுன்னு இரும்பத் தள்ளி விடுறாங்க, ஈயக்குண்டு ஊத்துறவங்க உஷார்

கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் பக்கம் தூண்டில் போடுற நம்ம பசங்க நெறைய பேர் இப்ப தூண்டில் கயிறு தண்ணிக்குள்ள முங்குறதுக்குக் கட்டுற ஈயக்குண்ட வீட்லயே ஈயத்த உருக்கி அச்சுல ஊத்தி எடுக்குறீங்க. கல்லு இடுக்குலயும் தண்ணிக்குள்ள கெடக்குற மரத்துலயும் மாட்டி அந்து போற குண்டுக்கெல்லாம் கடைல காசு குடுத்தா கட்டுப்படியாகாது, அது சரிதான். ஆனா அச்சும் ஈயமும் யார்கிட்ட வாங்குறீங்கன்னு தயவுசெஞ்சு பாத்து வாங்குங்க.

பகல் முழுக்க தோட்டத்துல மம்பட்டி புடிக்கிற கை என்னோடது, சாயங்காலம் அதே கைல கனத்த தூக்க முடியாதுன்னு எனக்கு அச்சு வித்த ஆள்கிட்ட ஃபோன்லயே தெளிவா சொன்னேன். "முழு அலுமினியம்ணே, ஒத்தக் கைல புடிச்சு நாள் பூரா ஊத்தலாம்"னு சொன்னாரு. அச்சுக்கு 3,200 ரூவா, கூடவே "சுத்த காரீயம்"னு 5 கிலோ ஈயக் கட்டி, எல்லாத்துக்கும் முன்னாடியே பணம் வாங்கிட்டாரு.

ஊத்த ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துலயே கட்டவிரல்ல இருந்து முழங்கை வரைக்கும் சுண்டி இழுத்துச்சு, ராத்திரி டீ கிளாஸ் புடிக்க முடியல. ஃபோன் போட்டா "மொதல்ல அப்டிதாண்ணே இருக்கும், பழகப் பழக சரியாயிரும்"ங்குறாரு.

வத்தலக்குண்டுல லேத்து பட்டறைல வேல பாக்குற என் மச்சான் வீட்டுக்கு வந்தப்பதான் விஷயமே வெளிய வந்துச்சு. அச்ச கைல வாங்குனதுமே மொகம் மாறிடுச்சு, கீல் ஓரத்துல கத்தி முனையால சொரண்டுனான், சில்வர் பெயின்ட் செதில் செதிலா உரிஞ்சு உள்ள கருப்பா சொரசொரன்னு வார்ப்பிரும்பு. ஃபிரிட்ஜ் கதவுல இருந்த காந்தத்த எடுத்து வச்சா டப்புன்னு ஒட்டிக்கிச்சு. அலுமினியத்துல காந்தம் ஒட்டவே ஒட்டாது. 10 சென்டிமீட்டர் நீளம், 5 அகலம், 5 உசரம் உள்ள கட்டி அலுமினியத்துல முக்கால் கிலோ கூட வராது, அதே அளவு வார்ப்பிரும்புல ஒண்ணே முக்கால் கிலோவுக்கு மேல, அதாவது 1.8 கிலோ வரும். அதத்தான் கைல தொங்க விட்டு ஊத்திட்டு இருந்திருக்கேன்.

கனத்த விட மோசம் என்னன்னா ரெண்டு பாதியும் சரியா பொருந்தல. பொருந்தாத அச்ச ஊத்தி முடிச்சு ஈயம் உறையுற வரைக்கும் கைப்பிடிய இறுக்கி அமுக்கிட்டே இருக்கணும், விட்டா இடுக்கு வழியா ஈயம் ஒழுகும். தூக்குறதால வர்ற வலிய விட இந்த அமுக்குறதால வர்ற வலிதான் அதிகம், நரம்பு அப்டியே கட்டிக்கிது.

அந்த 5 கிலோ ஈயக் கட்டியும் துத்தநாகம் கலந்த கலப்படம். காரீயம் 327 டிகிரில உருகும், துத்தநாகத்துக்கு 419 வேணும், அதனால சூடு கம்மியா இருக்கப்ப மேல கஞ்சி ஏடு மாதிரி திட்டு திட்டா நின்னுச்சு, அச்சுல முழுசா எறங்கல, ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பி ஊத்தி கை செத்துப் போச்சு. அவர கேட்டா அடுப்ப இன்னும் கூட்டி வைக்கச் சொல்றாரு! சூட்ட கூட்டுனா துத்தநாகம் மொத்தமா கலந்துரும், ஈயப் புகையும் கூடும், வீட்ல கொழந்தைங்க இருக்குறவங்ககிட்ட இப்டியா சொல்றது. நல்ல காரீயத்துல நகத்தால கீறுனா கோடு விழும், பேப்பர்ல தேச்சா பென்சில் மாதிரி எழுதும், கீழ போட்டா தொப்புன்னு விழும். கணீர்னு சத்தம் வந்தா வாங்காதீங்க.

இப்ப மச்சான் நெசமான அலுமினியத்துல ஒரு அச்சு கடஞ்சு குடுத்திருக்கான். அடுப்பு உசரத்துக்கு ஹாலோ பிளாக் அடுக்கி மேல டைல்ஸ் போட்டு அதுலதான் அச்ச உக்கார வைக்கிறேன், இறுக்குறதுக்கு திருகி முடுக்குற ஒரு ஜி கிளாம்ப், கையால அமுக்குற வேலையே இல்ல. முழங்கை ஒடம்ப ஒட்டியே இருக்கணும், நீட்டிக்கிட்டு ஊத்தாதீங்க. கரண்டியும் சின்னதா எடுங்க, 100 மில்லி புடிக்கிற குழிக்கரண்டில ஈயம் மொண்டா அதுவே ஒரு கிலோவுக்கு மேல.

நம்ம ஊரு பனிக்கும் சாரலுக்கும் கட்டி, கரண்டி எல்லாத்துலயும் ஈரம் ஏறி இருக்கும், உருகுன ஈயத்துக்குள்ள அப்டியே போட்டா வெடிச்சு மொகத்துல தெறிக்கும். அடுப்பு ஓரத்துல நல்லா காய வச்சுட்டுதான் உள்ள எறக்கணும். வெளில காத்தோட்டமான எடத்துல மட்டும் ஊத்துங்க, சமையல் பாத்திரம் எதையும் தொடாதீங்க, முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவிட்டு சட்டைய மாத்துங்க. அந்த ஆளு இதுல ஒரு வார்த்தை சொல்லல.

பணத்த திருப்பிக் கேட்டதும் என் நம்பர பிளாக் பண்ணிட்டாரு. பில்லுல வெறும் "ஸ்பேர்ஸ்"னு மட்டும் போட்டிருக்கு. நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுத்திருக்கேன். சில்வர் பெயின்ட், செவப்பு மரக் கைப்பிடி, கீல்ல ரெண்டு ரிவிட், இந்த மாதிரி அச்சு போட்டோ உங்களுக்கு வந்தா, வீடியோ கால்ல தராசுல வச்சு, காந்தமும் வச்சுக் காட்டச் சொல்லுங்க, காட்டாம பணம் போடாதீங்க. ஏற்கனவே வாங்கி ஏமாந்தவங்க பில்லோட எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்து புகார் குடுப்போம்.