வைடோமோ ஒளிப்புழுக் குகை: ஒளிக்குப் படகு, தூண்டிலுக்கு ருவாகுரி

நியூசிலாந்தின் வைடோமோ குகையில் மின்னுவது மின்மினி இல்லை. மின்மினி வண்டினம், இது காளான் கொசு வகைப் பூச்சியொன்றின் புழு. சிமிட்டாது, பறக்காது. கூரையில் ஒட்டியபடி நீலப்பச்சையாக ஒரே சீராக எரியும்.

படகுச் சுற்றுலா மொத்தம் 45 நிமிடம். பெரும்பகுதி சுண்ணாம்புக் குகைக்குள் நடைதான், படகில் இருப்பது கொஞ்ச நேரமே. மோட்டார் கிடையாது. வழிகாட்டி தலைக்கு மேலே கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்தே படகை நகர்த்துவார். யாரும் பேசாமல் அண்ணாந்து பார்த்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கே டிக்கெட் தகும். படகில் படம் எடுக்க அனுமதி இல்லை. அதில் பெரிய நஷ்டமும் இல்லை. ஃபிளாஷ் பட்டால் புழு ஒளியைக் குறைத்துக்கொள்ளும்.

குறை ஒன்றுதான்: அவ்வளவு உயரத்தில் வேட்டை கண்ணில் படாது. புழு பட்டுநூலால் ஒரு குழாய் பின்னி அதற்குள் படுத்திருக்கும். குழாயிலிருந்து தூண்டில் போல டஜன் கணக்கில் நூல்கள் தொங்கும். நூல் நெடுக மணி கோத்தாற்போல் பிசுபிசுத்த துளிகள். ஆற்றுச் சேற்றில் பிறந்த குட்டிப் பூச்சிகள் வெளிச்சத்தை நம்பி மேலே பறந்து ஒட்டிக்கொள்ளும். துடிப்பை உணர்ந்ததும் புழு அந்த நூலை வாயாலேயே மேலே இழுத்து இரையைத் தின்னும். பசித்த புழுவுக்கு ஒளி அதிகம். காற்றடித்தால் நூல்கள் சிக்கிக்கொள்ளும், ஈரம் குறைந்தால் துளிகள் காய்ந்துவிடும். அதனால்தான் காற்று அசையாத குகையில் நூல் 30 செ.மீ.க்கு மேலும் நீள்கிறது. வெளியே காட்டில் சில செ.மீ. மட்டுமே.

நூலைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே உள்ள ருவாகுரி குகைக்குப் போங்கள். சுமார் ஒன்றரை மணி நேர நடை, புழுக்கள் அருகிலேயே இருக்கும். சுருள் சாய்தளம் வழியே இறங்குவதால் சக்கர நாற்காலியும் போகும். காசு செலவழிக்க மனமில்லையா? இருட்டியபின் ருவாகுரி காட்டுப்பாதையில் நடக்கலாம், இலவசம். மழை பெய்து ஈரம் நிற்கும் இரவு உத்தமம். டார்ச்சை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். துளிகளைப் பார்க்க, மங்கலான சிவப்பு வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சில நொடி மட்டும் காட்டுங்கள். தொட வேண்டாம், நூல் அறுந்துவிடும்.

புழுப்பருவம் பல மாதம் நீள்வதால் எந்த மாதமும் ஒளி உண்டு. ஆனால் கனமழையில் ஆறு பெருகினால் படகு ஓடாது. கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.