துண்டில் முடை நாற்றம்: சலவை முறையை மாற்றிய பிறகு

காய்ந்த துண்டை முகர்ந்தால் ஒரு வாடையும் இருக்காது. குளித்துவிட்டுத் துடைக்கத் தொடங்கி ஈரம் பட்டதும் முடை நாற்றம் எழும். எங்கள் வீட்டில் எல்லாத் துண்டுகளிலும் இந்தத் தொல்லை இருந்தது. வாசனைச் சலவைத்தூள்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதை விட்டு, துவைக்கும் முறையையே மாற்றிச் சில வருடங்கள் ஆகின்றன. எது பலன் தந்தது என்று எழுதுகிறேன்.

இந்த நாற்றத்துக்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். துணியில் தங்கும் தோல் எண்ணெயும் வியர்வையும்தான் அதற்குத் தீனி. அது வெளிவிடும் ஒருவகைக் கொழுப்பு அமிலத்தைத்தான் நம் மூக்கு பிடிக்கிறது. துணி காய்ந்தாலும் இது எளிதில் சாவதில்லை, புற ஊதாக் கதிரையும் நன்றாகவே தாங்குகிறது. வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த துண்டுகூட நனைந்ததும் ஏன் நாறுகிறது என்பது இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

பெரிய வித்தியாசம் தெரிந்தது வெந்நீரில். துண்டுகளை மற்றத் துணிகளோடு கலக்காமல், 60 டிகிரியில் தனியாகத் துவைக்கிறோம். கூடவே சோடியம் பெர்கார்பனேட் என்ற வெளுப்புத் தூளும் போடுகிறேன். தண்ணீரில் கரைந்ததும் அது கிருமியைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடை விடும். குளிர்ந்த நீரில் மெதுவாகத்தான் வேலை செய்யும், சூட்டில்தான் அதற்கு வேகம். லிக்விட் சோப்புகளில் பொதுவாக இந்த வெளுப்பான் இருக்காது, அதனால் துண்டுக்கு நான் தூள்தான் பயன்படுத்துகிறேன். பழைய துண்டுகளை மட்டும் முதலில் சூடான பெர்கார்பனேட் கரைசலில் ஊறவைக்க வேண்டியிருந்தது. சாஃப்ட்னரை அடியோடு நிறுத்தினேன். அது நூலின் மேல் படிந்து, நீரை உறிஞ்சும் தன்மையைக் குறைக்கிறது. வினிகர் ஊற்றினால் வாடை கொஞ்சம் குறைந்து மறுபடி வந்துவிட்டது. ஒன்று மட்டும் கவனம்: குளோரின் பிளீச்சோடு வினிகரை எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

ஆனால் என்னைக் கேட்டால், துவைப்பதைவிட உலர்த்துவதுதான் பெரிய விஷயம். கொக்கியில் சுருங்கித் தொங்கும் துண்டின் மடிப்புக்குள் ஈரம் அப்படியே நிற்கும், பாக்டீரியாவுக்கு அதுபோதும். கம்பியில் விரித்துப் போட்டால் அடுத்த குளியலுக்குள் காய்ந்துவிடுகிறது. மெத்தென்ற தடித்த டவல்களை ஒதுக்கிவிட்டு மெல்லிய பருத்தித் துண்டுகளுக்கு மாறினோம். தொடும் சுகம் குறைவுதான், ஆனாலும் எனக்கு இந்த மாற்றத்தில் முழுத் திருப்தி.

சமையலறைத் துணி வேறு கதை. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் கெர்பா குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், 82 சமையலறைத் துண்டுகளில் 89 சதவீதத்தில் சுகாதாரக் குறைவைக் காட்டும் கோலிஃபார்ம் வகை பாக்டீரியாவும், ஏறக்குறைய கால்வாசியில் அவற்றுள் ஒன்றான, குடலில் வாழும் ஈ.கோலையும் இருந்தன. மொரிஷியஸ் பல்கலைக்கழகம் 2018இல் சொன்னது இன்னும் பயனுள்ளது: பாத்திரம், கை, மேடை என்று எல்லாவற்றுக்கும் ஒரே துணியைப் பயன்படுத்திய வீடுகளில் பாக்டீரியா அதிகம், ஈரத் துணியில் கோலிஃபார்ம் அதிகம். அதனால் எங்கள் வீட்டில் கை துடைக்க ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, இரண்டையும் தினமும் மாற்றுகிறோம். இறைச்சி, மீன் நீர் சிந்தினால் காகிதத்தால் துடைத்து எறிந்துவிடுவதுதான் சரி.

யாருக்காவது தோலில் கட்டியோ சீழ்ப்புண்ணோ இருந்தால் அவருக்குத் தனித் துண்டு, அதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. இத்தகைய புண்களை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா பருத்தித் துணியில் நாள் கணக்கில் உயிரோடு இருக்கும்.

குறை என்று சொன்னால், வெந்நீர்ச் சலவைக்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறது. அடர்நிறத் துண்டுகள் சீக்கிரம் வெளுத்துவிட்டன, இப்போது வாங்குவதெல்லாம் வெள்ளையும் வெளிர்நிறமும்தான்.