பக்கிக்கு வைத்தியம்: லிங்கராஜபுரத்து மாடி அறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கடை இல்லை. போர்டு கிடையாது, மேப்பில் தேடினாலும் வராது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை. கோலார் தங்கவயலில் பிறந்து, பல வருடம் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த அறுபது வயதுக்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்து ரிமோட் கார்களுக்கு வைத்தியம் பார்க்கிறார். பெயர் போடாதே என்று அவரே சொன்னார். கீழே நான் வைக்கப்போகும் புகார்களையும் பார்த்தால், போடாமல் இருப்பதுதான் இரண்டு பேருக்கும் நல்லது.

என்னைப் பற்றி ஒரு வரி. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் 19 வருடமாகக் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். மைக்ரோமீட்டரும் டயல் கேஜும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதனால் ஒரு பொம்மைக் காரைச் செட்டிங் செய்ய இன்னொருவருக்குக் காசு கொடுப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

கார் செகண்ட் ஹேண்ட். சர்ஜாபூர் ரோட்டில், வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த ஒரு சாஃப்ட்வேர் பையனிடம் ரிமோட், இரண்டு பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். பத்தில் ஒரு பங்கு அளவு, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ரேஸிங் பக்கி. பிரஷ்லெஸ் மோட்டார் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஒன்பதாவது படிக்கும் மகனுக்கு என்று வீட்டில் சொன்னேன். 'வீட்டில் ஏற்கெனவே ஒரு பக்கி இருக்கிறதே, இன்னொன்று எதற்கு' என்றாள் மனைவி.

பாகலூர் பக்கம் ஒரு காலி லேஅவுட்டில் ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் கூடி ஓட்டுவோம். கறுப்பு டிரெயின் பைப்பை வளைத்துப் போட்டால் அதுதான் டிராக். மண் நம் ஊர் செம்மண். மேலே மாவு மாதிரி தூசி, அடியில் பொடிக்கல். அங்கே முதல் நாள் என் கார் ஓடியதை ஓட்டம் என்றே சொல்ல முடியாது, பம்பரம்தான். ஒவ்வொரு வளைவிலும் வாலைச் சுழற்றிக்கொண்டு திரும்பி நின்றது.

நான் விடவில்லை. ஒரு வாரம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு டைனிங் டேபிளில் உட்கார்ந்து கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்), தரையிலிருந்து உயரம் எல்லாம் அளந்தேன். பின் கேம்பர் மைனஸ் 1.5 டிகிரி, பின் டோ-இன் 3 டிகிரி. எல்லாம் புத்தகப்படி. அடுத்த ஞாயிறு மறுபடியும் பம்பரம். கூட ஓட்டும் ஒரு பையன்தான் பரிதாபப்பட்டு இந்த மாடிக்கு வழி சொன்னான்.

அறைக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது அலமாரியில் இருந்த ஆர்சி10 என்ற பழைய ரிமோட் கார். தங்க நிற அலுமினியத் தொட்டி மாதிரி சேசிஸ், ஆயில் ஊற்றிய ஷாக் அப்சார்பர், துடைத்து வைத்த பூஜைப் பாத்திரம் போல ஒரு பளபளப்பு. அசோசியேட்டட் கம்பெனி 1984-இல் கொண்டுவந்த கார் அது. மறு வருடமே கலிஃபோர்னியாவின் டெல்மாரில் நடந்த முதல் உலக ஆஃப்-ரோடு போட்டியில் டூ வீல் டிரைவ் பட்டத்தைத் தட்டியது. பொம்மைக்கும் பந்தயக் காருக்கும் நடுவே கோடு கிழித்த வண்டி என்று அந்த அறுபது வயது அண்ணன் அரை மணி நேரம் சொன்னார். விற்பீர்களா என்று கேட்டேன். பதிலே வரவில்லை.

அப்புறம் என் காரைக் கையில் வாங்கி நான்கு சக்கரத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். 'என்ன பண்ணுது?' என்றார். 'பின்பக்கம் வழுக்கிட்டுப் போகுது அண்ணா' என்றேன்.

'எப்ப போகுது? ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து கை எடுக்கும்போதா, கொடுக்கும்போதா?'

எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. வேலையில் யாராவது 'பீஸ் சரியில்லை' என்று மட்டும் சொன்னால் எந்த டைமென்ஷன், எவ்வளவு என்று பிடித்து உலுக்குகிறவன் நான்.

'ஓடறதப் பாக்காம நட்டைத் தொட மாட்டேன் சார்' என்றார். 1,800 ரூபாய் கட்டணத்தில் ஒரு ஞாயிறு மைதானத்துக்கு வருவதும் சேர்த்தி. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. எந்த ஞாயிறு என்பதில்தான் வில்லங்கம். முதல் வாரம் கல்யாணம் என்றார், அடுத்த வாரம் மழை. மூன்றாவது வாரம் போனையே எடுக்கவில்லை. நான்காவது ஞாயிறு ஒருவழியாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், ஒரு டிபன் பாக்ஸும் மடக்கு ஸ்டூலும் எடுத்துக்கொண்டு.

பத்து நிமிடம் பார்த்தார். வாய் திறக்கவில்லை. பிறகு ரிமோட்டை என் மகனிடம் கொடுக்கச் சொல்லி, 'கண்ணு, வளைவுக்கு முன்னாடி கையை மெதுவா எடு' என்றார். கார் வளைவுக்குள் நுழையும்போதே சுழன்றது. 'இப்ப கையை எடுக்காம, வளைவு முடிஞ்சு கொடு.' அப்போதும் சுழன்றது. இரண்டும் வேறு வேறு நோய் என்றார்.

முதல் நோய்க்கு மருந்து ஸ்பேனரே இல்லாமல் முடிந்தது. வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில், அதாவது ஈஎஸ்சியில், டிராக் (drag) பிரேக் 15 சதவீதம் வைத்திருந்தது. பழைய ஓனர் கார்பெட் டிராக்கில் ஓட்டியவர். அங்கே பிடிமானம் அதிகம், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் லேசாகத் தானே பிரேக் பிடிப்பது உதவும். செம்மண் தூசியில் அதே விஷயம், ஓடும் ஸ்கூட்டரில் பின் பிரேக்கை மட்டும் அழுத்துவது போல. அதைப் பூஜ்யம் ஆக்கினார். நுழையும்போது வந்த சுழல் அங்கேயே பாதி அடங்கியது.

இரண்டாவதுக்கு டயர். என் காரில் இருந்தது குட்டிக் குட்டிப் புள்ளி வைத்த கார்பெட் டயர். தூசியைத் தாண்டி அடி மண்ணைத் தொடவே அதனால் முடியாது. உயரமான கட்டை வைத்த மென்மையான ரப்பர் வேண்டும் என்றார். பின் ஜோடி 1,600 ரூபாய், அவரிடமே இருந்தது. சக்கரத்தைக் கொதிநீரில் போட்டுப் பழைய பசையை இளக்கி டயரை உரித்து, புதிதை ஒட்டித் தந்தார். ஒட்டுக்கூலி 200 தனி என்பதை ஒட்டி முடித்த பிறகு சொன்னார். கேம்பரை அரை டிகிரி அரை டிகிரியாகத் திருகிய ஒரு வாரத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வந்தது. டயர் தப்பு என்றால் மற்றது எல்லாம் தண்டம்.

மீதி வேலை மாடி அறையில், இன்னொரு மாலை. இந்தப் பகுதிக்காகவே இந்த ரிவ்யூ.

அவர் மேசையில் ஒரு கிரானைட் பலகை இருக்கிறது. சமையலறை மேடையில் சிங்க்குக்காக வெட்டி எடுத்த துண்டு. அதன் மேல் காரை ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டு, தானாக எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தார். 'நீங்க எங்க வெச்சு அளந்தீங்க?' என்று கேட்டார். டைனிங் டேபிள் என்றேன். சர்ஃபேஸ் பிளேட், அதாவது அளப்பதற்கான மட்டமான பலகை, இல்லாமல் அளந்த ரிப்போர்ட்டை எத்தனை பேர் முகத்தில் விட்டெறிந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியைச் சேசிஸின் பின்பக்கம் சரியாக நடுவில் கொடுத்து மெல்லத் தூக்கினார். வலது சக்கரம் முதலில் கிளம்பியது, இடது சக்கரம் தரையிலேயே இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எழ வேண்டுமாம். ஷாக்கைக் கழற்றி வெர்னியரில் பார்த்தால் இடது ஷாக் 1.2 மில்லிமீட்டர் நீளம். தண்டின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கண்ணை யாரோ பாதியில் திருகி விட்டிருக்கிறார்கள். வலது வளைவில் ஒரு மாதிரியும் இடது வளைவில் வேறு மாதிரியும் போனதற்கு இதுதான் காரணம். நான் ஓட்டுவதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷாக் ஆயில் மாற்றுவதை அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். முன்னால் 35, பின்னால் 30 வெயிட் (ஆயிலின் கெட்டித்தன்மை). ஊற்றிவிட்டு பிஸ்டனை மேலும் கீழும் மெதுவாக, மிக மெதுவாக ஆட்டினார். குமிழ் வந்தது. 'இதை அப்படியே வெச்சுட்டு காபி குடிக்கலாம்' என்றார். குடித்தோம். திரும்பி வந்தபோது குமிழ் எல்லாம் மேலே வந்து உடைந்திருந்தது. அவசரப்பட்டு மூடினால் உள்ளே காற்று நின்று, ஷாக் சளி பிடித்த மாதிரி 'சொளக் சொளக்' என்னும். நான் வீட்டில் மாற்றியபோது எனக்கு வந்ததும் அதே சத்தம்தான். மதிய வெயிலில் ஆயில் இளகும், அப்போது ஒரு படி கனமானதை ஊற்று என்றும் சொன்னார்.

மோட்டார் பல்சக்கரத்துக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி வைக்க அவர் செருகியது பிஎம்டிசி பஸ் டிக்கெட். காகிதத் துண்டு செருகி, அழுத்தி, திருகை இறுக்கி, காகிதத்தை எடுத்துவிட்டால் இடைவெளி சரியாக இருக்கும். 27 பல், 81 பல், உள்ளே கியர்பாக்ஸ் 2.6. பெருக்கினால் மோட்டார் 7.8 சுற்று சுற்ற சக்கரம் ஒரு சுற்று. இந்தக் கணக்கில் கை வைக்க வேண்டாம், ஐந்து நிமிடம் ஓட்டியபின் மோட்டார் சூடு 70 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்றார். திடீரென வேகம் கொடுத்தால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் முழுதாக இறுகியிருந்தது. அதைத் தளர்த்தி, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஒன்றரை அடிக்கு 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும்படி வைத்தார். பேட்டரியை நுரைத் துண்டு வைத்து ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளினார். பின் சக்கரத்தில் பாரம் ஏறும், காசு செலவில்லை.

பேட்டரியை முழு சார்ஜில், 8.4 வோல்டில், வாரம் முழுக்க வீட்டில் வைத்திருந்தேன் என்று தெரிந்ததும் திட்டு விழுந்தது. ஒரு செல்லுக்கு 3.8 வோல்டில்தான் தூங்க விட வேண்டுமாம். இரண்டில் ஒன்று ஏற்கெனவே பூரி மாதிரி உப்பியிருந்தது. அதைத் தொடவே கூடாது என்று ஒதுக்கிவிட்டார்.

கடைசியில் ஒரு ரூல் போட்ட தாள் கொடுத்தார். தேதி, மண் காய்ந்ததா ஈரமா, டயர், ஆயில், உயரம் முன் 24 பின் 25 மில்லிமீட்டர், கேம்பர், எல்லாம் தமிழில் அவர் கையெழுத்து. கீழே பத்துக் காலிக் கட்டங்கள். 'ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும். மாத்தினதும் எழுது. புடிக்கலைன்னா பழையபடி வை.' என் மகன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறான். தொழிற்சாலையில் நான் தினமும் நிரப்பும் ஃபார்மும் கிட்டத்தட்ட இதேதான். அதை வீட்டுக்குக் கொண்டுவரத்தான் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு கார் ஒட்டிக்கொண்டு ஓடியது. போனில் பிடித்த நேரம், சராசரி 31 விநாடியில் ஓடிய சுற்று 27-க்கு வந்தது. வேகத்தைவிட, ஒன்பது சுற்று தொடர்ந்து கவிழாமல் வந்ததே எனக்குப் பெரிது. இப்போது வளைவில் திரும்புவதுதான் போதவில்லை. முன் ஸ்பிரிங் மாற்ற வேண்டுமோ என்று அவருக்குப் போன் செய்தேன். ரிமோட்டில் டூயல் ரேட், அதாவது முன் சக்கரம் எத்தனை சதவீதம் திரும்பலாம் என்ற அளவு, எவ்வளவு என்று கேட்டார். பார்த்தால் 70. 90 ஆக்கினோம், திரும்பியது. அதற்குக் காசு வாங்கவில்லை.

புகார்கள் இருக்கின்றன. சொன்ன நாளில் வேலை முடியாது, அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜிபே கிடையாது, பெங்களூரில் தேங்காய் விற்பவர்கூட ஸ்கேனர் மாட்டியிருக்கும் காலத்தில் இவர் ரொக்கம் கேட்கிறார். ஒரு ஷாக்கின் உடலில் குறடு பட்டு நீளமாக ஒரு கீறல். கேட்டால், 'ஓடறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறார். சம்பந்தம் இல்லைதான், ஆனால் கீறல் என் காரில் இருக்கிறது. மொத்தம் டயர், கூலி, ஆயில் 350 எல்லாம் சேர்த்து 3,950 ஆனது. முதலில் சொன்ன 1,800-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கட்டிப் பிரித்துப் பழகியவர்களுக்கு இவர் தேவையில்லை. என்னைப் போல எல்லாம் அளந்தும் கார் ஏன் சுழல்கிறது என்று தெரியாதவர்கள் போகலாம். போகும்போது கை எடுக்கும்போதா, கொடுக்கும்போதா என்பதைப் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள், அரை நாள் மிச்சம்.

போன வாரம் மகன் காரை டிரெயின் பைப்பில் மோதி, அதன் முன் சஸ்பென்ஷன் கையை உடைத்துவிட்டான். மாடிக்கு எடுத்துப் போனோம். சனிக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னார். எந்தச் சனிக்கிழமை என்று நானும் கேட்கவில்லை.